யூஸ்டன் ரயில் நிலையம் உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

தண்டவாளப்பித்தன்

லண்டன் ரயில் நிலையங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். செயின்ட் பாங்க்ரஸுக்குப் புகழ்மாலை, பேடிங்டன் கூரைக்கு ஒரு பெருமூச்சு, கிங்ஸ் கிராஸில் 2012-ல் திறந்த புதுக் கூடத்துக்குக் கைதட்டல், கடைசியில் யூஸ்டனுக்கு அர்ச்சனை. கான்கிரீட் டப்பா, இருட்டுக் குகை, அறுபதுகளின் அலங்கோலம் என்று ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். உள்ளே நின்று ஒரு தடவை அண்ணாந்து கூரையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

என் கட்சி இதுதான். யூஸ்டன் மேல் இருக்கும் கோபத்தில் பாதி, அந்த இடத்தில் முன்பு நின்ற கட்டடத்தை இடித்துவிட்டார்களே என்ற துக்கம். மீதிப் பாதியிலும் பெரும்பங்கு 1968-க்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள்ளும் வாசலிலும் கொண்டுவந்து திணித்த சாமான்களுக்குச் சேர வேண்டியது. வடிவமைத்தவர்கள் மேல் நியாயமாக வைக்கக்கூடிய குற்றச்சாட்டு ஒன்றிரண்டுதான், அதுவும் யாரும் வழக்கமாகச் சொல்லாதது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1837 ஜூலையில் லண்டன் - பர்மிங்காம் ரயில்வேயின் முனையமாகத் திறந்தது. பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சன். லண்டனிலிருந்து இன்னொரு பெருநகரத்துக்குப் போகும் பாதையின் முதல் முனையம் இதுதான். நிலையத்தை விட்டுக் கிளம்பியதும் கேம்டன் வரை செங்குத்தான ஏற்றம் என்பதால், 1844 வரை நிலையான நீராவி எந்திரம் ஒன்று கயிறு கட்டி ரயில்களை மேலே இழுத்தது. அதன் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கங்கே ஒட்டுப் போட்டே நிலையம் வளர்ந்தது. 1961-62-ல் ஏறக்குறைய எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். இப்போதுள்ள கட்டடத்தை 1968 அக்டோபர் 14 அன்று ராணி எலிசபெத் திறந்து வைத்தார்.

சரி, அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

கல்தச்சன்

வந்துவிட்டேன்.

"துக்கம்" என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்களே, இடித்தது என்னவென்று சொல்ல வேண்டாமா? பிலிப் ஹார்ட்விக் வடிவமைத்த யூஸ்டன் ஆர்ச், நிலையத்துக்கு முன்னால் நின்ற கல் வாயில். ஏறக்குறைய 70 அடி உயரம். யார்க்ஷயரிலிருந்து கொண்டுவந்த பிராம்லி ஃபால் மணற்கல். நான்கு டோரிக் தூண்கள், ஒவ்வொன்றின் குறுக்களவும் எட்டரை அடி. 1838-ல் முடித்தபோது ஆன செலவு 35,000 பவுன். ரயில் என்பதே மக்களுக்குப் பயமாகவும் புதிராகவும் இருந்த காலம் அது. அப்போது ஒரு தனியார் கம்பெனி, வடக்கே போகும் பாதைக்கு இதுதான் தலைவாசல் என்று கிரேக்கக் கோயில் நுழைவாயிலைப் போல ஒன்றைக் கட்டி நிறுத்தியது. அதனால் ரயிலுக்கு ஒரு பைசா பிரயோஜனமும் இல்லை. அந்தத் துணிச்சல்தான் அதன் அழகு.

அதோடு போகவில்லை. பின்னால் ஒரு பெருங்கூடம் இருந்தது. ஹார்ட்விக்கின் மகன் பிலிப் சார்ல்ஸ் ஹார்ட்விக் செய்தது, 1849-ல் திறந்தது. 125 அடி நீளம், 60 அடிக்கு மேல் உயரம், கட்டம் கட்டமாகக் குழித்த விதானம், ஒரு முனையில் இரு பக்கமும் ஏறும் படிக்கட்டு, நடுவில் ஜார்ஜ் ஸ்டீபன்சன் சிலை. ஆர்ச்சுக்காக அழுகிறவர்கள் இந்தக் கூடத்தை மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டில் பெரிய இழப்பு கூடம்தான். ஆர்ச்சைக் கழற்றி வேறு எங்காவது நிறுத்தியிருக்கலாம், கூடத்தை அப்படி நகர்த்த முடியாது.

இந்த இரண்டையும் விழுங்கிவிட்டு வந்த கட்டடம் எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு கடன் இருக்கிறது. இழந்ததற்கு ஈடாகவாவது நிற்க வேண்டும். யூஸ்டன் அந்தக் கடனை அடைத்ததா?

சும்மாவந்தவன்

ஒரு சின்னக் கேள்வி. இவ்வளவு பெரிய கட்டடத்தை இடிக்கும்போது யாரும் தடுக்கவில்லையா? இங்கிலாந்தில் பழைய கதவுக் கைப்பிடியை மாற்றக்கூட அனுமதி வேண்டும் என்கிறார்களே.

பழையபேட்டை

தம்பி, அந்தக் கட்டுப்பாடெல்லாம் பல்லோடு வந்ததற்கு இந்த இடிப்பும் ஒரு காரணம்.

1930களிலேயே, அப்போது யூஸ்டனை நடத்திய எல்எம்எஸ் ரயில்வே கம்பெனி அதை முழுதாக மாற்றிக் கட்டத் திட்டம் போட்டிருந்தது, போர் வந்து நிறுத்திவிட்டது. போருக்குப் பிறகு ரயில்வே அரசுடைமை ஆனது. லண்டனிலிருந்து மான்செஸ்டர், லிவர்பூல் பாதையை மின்மயமாக்க முடிவெடுத்தபோது நீளமான பிளாட்பாரங்கள் தேவைப்பட்டன. நிலையம் தெற்கே நகர வேண்டும், ஆர்ச் குறுக்கே நிற்கிறது. அதை வேறு இடத்தில் திரும்ப நிறுத்துவதாக இருந்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றது லண்டன் மாநகர கவுன்சில். ரயில்வே கணக்குப் போட்டுக் காட்டியது: நகர்த்த 1,90,000 பவுன், இடிக்க 12,000 பவுன். அந்த இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தபோதே முடிவு தெரிந்துவிட்டது என்பேன்.

எதிர்ப்பு இல்லாமலா? விக்டோரியா காலக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் விக்டோரியன் சொசைட்டி அப்போதுதான், 1958-ல், தொடங்கியிருந்தது. கவிஞர் ஜான் பெட்ஜமன், கட்டடக்கலை வரலாற்றாளர் நிக்கோலஸ் பெவ்ஸ்னர் எல்லாம் முன்னால் நின்றார்கள். 1961 அக்டோபரில் ஒரு குழு பிரதமர் ஹெரால்ட் மாக்மில்லனை நேரில் பார்த்துக் கெஞ்சியது. அந்தக் குழுவில் ஆர்க்கிடெக்சுரல் ரிவ்யூ இதழின் ஆசிரியர் ஜே. எம். ரிச்சர்ட்ஸ் இருந்தார். பிரதமர் கண்ணை மூடியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று பிற்பாடு ரிச்சர்ட்ஸ் எழுதினார். பதில் "முடியாது" என்று வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சாரம் ஏறிவிட்டது.

இதில் எனக்கு மறக்காத ஆள் இடிப்பு ஒப்பந்தக்காரர் ஃபிராங்க் வலோரி. கற்களுக்கு எண் போட்டு என் செலவிலேயே பத்திரமாக வைக்கிறேன் என்று அவரே முன்வந்தார். அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். இடித்து முடித்த பிறகு ஆர்ச்சின் சின்ன வெள்ளி மாதிரி ஒன்றைச் செய்து விக்டோரியன் சொசைட்டிக்கே பரிசாகக் கொடுத்தார் மனிதர். அதை வாங்கும்போது அவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சும்மாவந்தவன்

நன்றி ஐயா. வெள்ளி மாதிரி கதை தெரியாது. என்ன ஒரு கொடுமையான பரிசு!

கான்கிரீட்காதலி

இவ்வளவு நேரம் பேசியதில் நிற்கிற கட்டடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை, பார்த்தீர்களா? தண்டவாளப்பித்தன் சொன்னது சரிதான் என்பதற்கு இந்த இழையே சாட்சி.

நான் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறேன். வடிவமைத்தவர்கள் பிரிட்டிஷ் ரயில்வேயின் லண்டன் மிட்லேண்ட் பிரிவுக்குள்ளேயே இருந்த கட்டடக்கலை அலுவலகத்தார்; தலைமை டபிள்யூ. ஆர். ஹெட்லி, அவரோடு ரே மூர்க்ராஃப்ட். பெயர்போன கலைஞர் யாரையும் வெளியிலிருந்து கூப்பிடவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்த அரசு அலுவலகம். அதனால்தானோ என்னவோ, விமர்சகர்களுக்கு அவர்கள் பெயர்கூட நினைவில் இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி மிக எளிமையானது. தெருவிலிருந்தோ, சுரங்க ரயிலிலிருந்தோ, டாக்ஸியிலிருந்தோ வருகிற ஒருவர் பிளாட்பாரத்துக்கு எப்படிக் குழப்பமில்லாமல் போய்ச் சேர்வது? பழைய யூஸ்டனில் அதுதான் பெரிய நரகமாக இருந்தது, புறப்பாடு ஒரு பக்கம், வருகை இன்னொரு பக்கம், நடுவில் சந்து பொந்துகள். இவர்கள் எல்லாவற்றையும் வழித்துப் போட்டு ஒரே ஒரு பெரிய கூடம் வைத்தார்கள். டாக்ஸியும் கார்களும் தரைக்கு அடியில். பயணிகள் தெரு மட்டத்தில். கூடத்தின் வடக்குச் சுவரைத் தாண்டினால் சரிவுப் பாதைகளில் இறங்கிப் பிளாட்பாரங்கள். தெருவிலிருந்து கூடத்துக்கு வர ஒரு படிகூட ஏற வேண்டாம். சக்கர நாற்காலி, தள்ளுவண்டி, பெட்டி என்று அறுபதுகளில் யாரும் பெரிதாக யோசிக்காத காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

அடுத்தது கூரை. ஏறக்குறைய 11 மீட்டர் உயரம், அகலமான இடைவெளிகளைத் தாண்டும் கான்கிரீட் விதானம். அதைக் கட்டம் கட்டமாகக் குழித்திருப்பார்கள். கல்தச்சன் அண்ணா, 1849 கூடத்தின் குழிவிதானத்தைப் பற்றி உருகினீர்களே, அந்த இடத்தில் வந்த புதுக் கூடத்திலும் குழிவிதானம்தான் இருக்கிறது. பழையதை நினைத்துச் செய்தார்களா என்று நான் சொல்லவரவில்லை, மேலே பார்த்தால் இரண்டுக்கும் உறவு தெரிகிறது, அவ்வளவுதான். சுவர்களின் மேல் பகுதியில் சுற்றிலும் கண்ணாடி வழியே வெளிச்சம் இறங்கும். கீழே மெருகேற்றிய கருங்கல், வெள்ளைத் தளக்கற்கள், அகலமான கண்ணாடித் தகடுகள். நடுவில் எதுவுமே இல்லாத வெற்றிடம்.

அந்த வெற்றிடம்தான் கட்டடமே. திறந்த காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். கூடவே 1965-ல் வந்த பிரிட்டிஷ் ரயிலின் இரட்டை அம்புச் சின்னம், ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் செய்த எழுத்துருவில் பலகைகள். எல்லாம் ஒரே குரலில் பேசும். ஒரு பொது நிறுவனம் தன்னை முழுதாகப் புதுப்பித்துக்கொண்டு, பார், இதுதான் மின்சார யுகம் என்று சொன்ன இடம் அது.

வடக்குலைன்

அக்கா, படம் அழகாகத்தான் இருக்கும். படத்தில் ஆள் இல்லை.

அந்த அழகான வெற்றிடத்தில் உட்கார ஒரு பெஞ்சு போடவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. மறந்து போனதால் அல்ல, வேண்டுமென்றே. உட்கார இடம் கொடுத்தால் வீடற்றவர்கள் வந்து தங்கிவிடுவார்கள், கூட்டம் தேங்கிவிடும் என்ற எண்ணம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் பெட்டி மேல் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மனிதர்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள் என்று கற்பனை செய்து கட்டிய கட்டடம், ஆனால் ரயில் நிலையத்தில் மனிதர்கள் செய்கிற முக்கியமான வேலையே காத்திருப்பதுதான்.

இன்னொன்று, கூடத்திலிருந்து ஒரு ரயிலாவது கண்ணில் படுமா? படாது. பேடிங்டனிலும் கிங்ஸ் கிராஸிலும் ரயிலைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம், எது எங்கே நிற்கிறது என்று புரியும். யூஸ்டனில் சுவர். பலகையை மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிளாட்பார எண் கடைசி நேரத்தில் வரும், வந்ததும் மொத்தக் கூட்டமும் சரிவுப் பாதையை நோக்கி ஓடும். இதற்கு லண்டனில் "யூஸ்டன் ஓட்டம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பயணிகள் நலனுக்கான லண்டன் டிராவல்வாட்ச் அமைப்பு 2024-ல் இந்த நெரிசல் ஆபத்தானது என்று பகிரங்கமாக எச்சரித்தது. கட்டடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றா சொல்கிறீர்கள்?

தண்டவாளப்பித்தன்

பெஞ்சு விஷயத்தில் வாதமே இல்லை, அது தப்பு. சுவர் விஷயமும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விமான நிலையத்தைப் பார்த்து ஆசைப்பட்ட காலம் அது. விமான நிலையத்தில் விமானத்தை மறைத்து வைத்தால் நடக்கும், இங்கே நடக்கவில்லை.

ஆனால் ஓட்டத்துக்கு வருவோம். ஓட்டம் எப்போது பெரிதாயிற்று? ஆரம்பத்தில் கூடத்தின் நடுப்பகுதி காலி. கூட்டம் பரவி நிற்க இடம் இருந்தது. அப்புறம் கடைகள் வந்தன. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில், பிறகு மாடிபோல ஒரு தட்டு ஏற்றி அதன் மேலும். ஒவ்வொரு கடையும் வாடகை, ஒவ்வொரு வாடகையும் சில சதுர மீட்டர் நிற்கும் இடம். இன்னொரு பக்கம் பயணிகள் எண்ணிக்கை, 1968-ல் கணக்குப் போட்டதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. அதோடு எச்எஸ்2 என்ற புது அதிவேக ரயில் பாதை வேலைக்காக 2019-ல் 17, 18-ஆம் பிளாட்பாரங்களை மூடியும்விட்டார்கள். ரயில் அதிகம், பிளாட்பாரம் குறைவு என்றால் எந்த ரயில் எங்கே என்று முன்கூட்டியே எப்படிச் சொல்வது? அதனால்தான் எண் கடைசி நிமிடத்தில் வருகிறது. கட்டடக் கலைஞன் என்ன செய்வான்?

பலகைக் கதைதான் உச்சம். வடக்குச் சுவர் முழுக்க இருந்த பெரிய புறப்பாட்டுப் பலகையை 2022-ல் எடுத்துவிட்டு, கூடத்தின் நடுவில் சின்னச் சின்னத் திரைகள் வைத்தார்கள். பழைய பலகை இருந்த இடத்தில் 2024 தொடக்கத்தில் ராட்சத விளம்பரத் திரை வந்தது. எல்லோர் கண்ணும் தானாகப் போகிற சுவரில் விளம்பரம், ரயில் எண்ணுக்குக் கழுத்தைத் திருப்ப வேண்டும்! அந்த ஆண்டு அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் லூயிஸ் ஹெய் சொன்ன பிறகுதான் அதை அணைத்தார்கள். இதை ஹெட்லி தலையில் கட்டினால் பாவம் அவர்.

முகப்புவேலி

இழையை மௌனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். வெளியே இருக்கிற அந்தக் கறுப்புக் கோபுரங்களும் இதே 1968 திட்டமா?

தண்டவாளப்பித்தன்

இல்லை, அதைத்தான் நான் சொல்லவந்த "யாரும் சொல்லாத" விஷயங்களில் ஒன்றாக வைத்திருந்தேன், நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

நிலையத்துக்கு மேலே அலுவலகக் கட்டடங்கள் எழுப்பி, அந்த வாடகையில் செலவை ஈடுகட்டுவதுதான் முதல் திட்டம். 1963-ல் அரசு வெள்ளை அறிக்கை விட்டு லண்டனில் புது அலுவலகங்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. மேலே வர வேண்டியது வரவில்லை. அதனால்தான் யூஸ்டன் அவ்வளவு தட்டையாக, ஏதோ பாதியில் நின்றுபோன மாதிரி தெரிகிறது. ஆனால் தட்டையாக நின்றதால் ஒரு நன்மை, கூடத்துக்கு முன்னால் திறந்த வெளி கிடைத்தது, யூஸ்டன் ரோட்டிலிருந்து முகப்பு முழுதாகத் தெரிந்தது. எழுபதுகளின் இறுதியில் கட்டுப்பாடு தளர்ந்ததும் என்ன செய்தார்கள்? லண்டனின் சென்டர் பாயின்ட் கோபுரத்தை வடிவமைத்த அதே ரிச்சர்ட் சீஃபர்ட் நிறுவனத்தை வைத்து, அந்தத் திறந்த வெளியிலேயே அலுவலகத் தொகுதிகளை எழுப்பினார்கள். கூடத்தின் முகம் மறைந்தது, வெளிச்சம் போனது, வாசலில் காற்று சுழன்றடிக்கும் ஒரு முற்றம் மிஞ்சியது. பெரும்பாலான பேர் "யூஸ்டன் அசிங்கம்" என்று படம் போடும்போது அதில் பாதி சீஃபர்ட் கட்டடம்தான். செய்தது ஒரு ஆள், திட்டு இன்னொரு ஆளுக்கு.

இரண்டாவது விஷயம் உண்மையிலேயே 1968 ஆட்களின் தப்பு. பிளாட்பாரங்களுக்கு நேர் மேலே பார்சல் கிடங்கு வைத்தார்கள். தபாலும் பார்சலும் ரயில்வேக்குப் பெரிய வருமானம் தந்த காலம், அதனால் லாரிகள் மேல் தளத்துக்கே ஏறிவந்து சரக்கு இறக்குகிற மாதிரி ஏற்பாடு. விளைவு, பிளாட்பாரங்கள் எல்லாம் ஒரு தாழ்ந்த கான்கிரீட் தளத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ரயில் நிலையத்துக்கு விக்டோரியா காலத்தார் கொடுத்த பெரிய வரமே வெளிச்சம் வரும் உயர்ந்த கூரைதான். அதைப் பார்சலுக்காகத் தானம் செய்துவிட்டார்கள். அப்புறம் பார்சல் தொழில் லாரிகளுக்கே போய்விட்டது, இருட்டு மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

கல்தச்சன்

பார்த்தீர்களா, பெஞ்சு தப்பு, சுவர் தப்பு, பார்சல் தளம் தப்பு, முகப்பு யாரோ கெடுத்தார்கள். மிச்சம் என்ன? கூரை. ஒரு கூரைக்காக இவ்வளவு வக்காலத்தா?

கான்கிரீட்காதலி

மிச்சம் கூடம், அண்ணா. அது சின்ன மிச்சமில்லை.

நீங்கள் மறைமுகமாகச் சொல்வது, நவீன பாணியே ரயில் நிலையத்துக்கு ஒத்துவராது என்பதுதானே? அதே அலுவலகம், அதே ஹெட்லி தலைமை, அதே பாதை, ஆறு ஆண்டுகளுக்கு முன்னால்: கோவென்ட்ரி நிலையம், 1962. கண்ணாடியும் மரமும் வெள்ளைத் தளக்கற்களும் சேர்ந்த உயர்ந்த கூடம், மெல்லிய தட்டைக் கூரை வெளியே நீண்டு வந்து மழைக்கு ஒதுங்க இடம் கொடுக்கும், உள்ளே நின்றால் தண்டவாளப் பக்கமும் தெரியும். இன்று அது அரசின் பாதுகாப்புப் பட்டியலில் 'கிரேட் 2' பிரிவில் உள்ள கட்டடம். மான்செஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டு ரோடு நிலையம் பாருங்கள், 1960, மரத்தால் செய்த, சிப்பி ஓடு போல வளைந்த கூரைகள். கீழே இருக்கிற பழைய பாலம் கனமான கூரையைத் தாங்காது என்பதால் மரத்துக்குப் போனார்கள். அதுவும் பாதுகாப்புப் பட்டியலில். பர்மிங்காம் நியூ ஸ்ட்ரீட்டில் நிலையத்தைத் திட்டித் தீர்த்து 2015-ல் மாற்றிவிட்டார்கள், ஆனால் பக்கத்தில் நிற்கும் 1966 சிக்னல் கூண்டு, மடிப்பு மடிப்பான கான்கிரீட் சுவர்களோடு, பட்டியலில் இருக்கிறது. ஆக, ஆட்களுக்குக் கை வராமல் போகவில்லை.

இங்கிலாந்தைத் தாண்டினால் ரோமா தெர்மினி. 1930களில் ஆஞ்சோலோ மத்ஸோனி தொடங்கிய பிரமாண்டத் திட்டம் போரில் நின்றது, 1947-ல் போட்டி வைத்து முகப்பை மட்டும் புதிதாக யோசித்தார்கள், 1950 டிசம்பரில் திறந்தார்கள். அலைபோல் நெளிந்து முன்னால் வரும் கான்கிரீட் கூரை, அதன் பக்கத்திலேயே கிறிஸ்துவுக்கு முந்தைய நான்காம் நூற்றாண்டு மதில் சுவர். ரோமில், அவ்வளவு பழமைக்கு நடுவில், நவீனக் கட்டடம் நிற்கிறது, யாருக்கும் உறுத்தவில்லை. ஃபிளாரன்ஸில் சாந்தா மரியா நொவெல்லா நிலையம், ஜொவான்னி மிகெலூச்சியும் அவர் குழுவும் செய்தது, 1935. அந்தத் தேவாலயத்தின் பின்பக்கத்துக்கு நேர் எதிரே.

கல்தச்சன்

ஃபிளாரன்ஸை நீங்களே எடுத்தது நல்லதாய்ப் போயிற்று, அது என் பக்கத்துச் சாட்சி. அந்தக் குழு என்ன செய்தது? எதிரே இருக்கும் தேவாலயத்தில் உள்ள அதே பியெத்ராஃபோர்தே கல்லை எடுத்துத் தங்கள் நீண்ட சுவருக்குப் போட்டார்கள். உயரத்தை அடக்கிக்கொண்டார்கள். கோபுரத்தோடு போட்டி போடவில்லை. கூரையிலிருந்து முகப்பு வரை அருவி மாதிரி இறங்கும் கண்ணாடிப் பட்டையை மட்டும் துணிந்து வைத்தார்கள். முடிவு வெளிவந்ததும் பத்திரிகைகளில் பெரிய சண்டை நடந்தது, ஆனால் கட்டி முடித்த பிறகு ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. நவீனமாக இருந்துகொண்டே அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம் சொல்லத் தெரிந்த கட்டடம்.

யூஸ்டன் யாருக்கு வணக்கம் சொன்னது? 1870 வாக்கில் கட்டிய இரண்டு சின்னக் காவல் மனைகள் யூஸ்டன் ரோட்டோரம் இன்னும் நிற்கின்றன, ரயில் போகும் ஊர்களின் பெயர்களைக் கல்லில் செதுக்கிய மூலைகளோடு. நடுவில் போர் நினைவுத் தூண். பழைய வளாகத்தின் மிச்சம் அவ்வளவுதான். புதுக் கட்டடம் அவற்றுக்கு ஒரு பதில்கூடச் சொல்லவில்லை, பின்னால் எங்கேயோ தள்ளி நின்றுகொண்டது. எனக்கு நவீன பாணி மேல் பகை இல்லை. இந்த அலட்சியம்தான் உறுத்துகிறது.

கான்கிரீட்காதலி

அலட்சியம் என்று ஏற்கிறேன். ஆனால் அது அந்தக் காலத்து அமைச்சரவையின் அலட்சியம். ஆர்ச்சை முன்வெளியில் நிறுத்தி, பின்னால் இதே தட்டைக் கூடத்தை வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? இரண்டுக்கும் பொருந்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். கனமான கறுத்த கல் வாயில், அதன் ஊடே தெரியும் கண்ணாடி. 1,90,000 பவுனில் முடிந்திருக்க வேண்டியது.

வடக்குலைன்

இப்போதாவது இருவரும் ஒரு வரியில் ஒத்துப்போனீர்களே, மகிழ்ச்சி. பெஞ்சையும் சேர்த்துப் போட்டிருக்கலாம்.

பழையபேட்டை

ஒன்று சேர்க்க வேண்டும். யூஸ்டன் போனதால் மற்றவை பிழைத்தன. செயின்ட் பாங்க்ரஸையும் கிங்ஸ் கிராஸையும் இணைத்து ஒன்றாக்கலாம், ஒன்றை மூடலாம் என்ற பேச்சு அறுபதுகளில் ஓடியது. அந்தச் சமயம் பெட்ஜமன் போன்றவர்களுக்கு ஆர்ச் தோல்வி கையில் இருந்தது, மக்களுக்கும் என்ன இழந்தோம் என்று உறைத்திருந்தது. 1967-ல் செயின்ட் பாங்க்ரஸுக்கு முதல் தரப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. நியூயார்க்கிலும் இதே கதை, 1963-ல் பென்சில்வேனியா நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள், 1965-ல் நகரப் பாரம்பரியச் சட்டம் வந்தது, அந்தச் சட்டம்தான் பிறகு கிராண்ட் சென்ட்ரலைக் காத்தது.

இன்று பாருங்கள், எச்எஸ்2 என்று சொல்லி யூஸ்டனின் மேற்குப் பக்கம் முழுவதையும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். அங்கே செயின்ட் ஜேம்ஸ் கார்டன்ஸ் என்ற பூங்கா இருந்த இடம் ஒரு பழைய கல்லறைத் தோட்டம். பல்லாயிரம் எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். 2019 ஜனவரியில் அதில் ஒரு சவப்பெட்டியின் மேல் ஈயத் தகடு கிடைத்தது, மாத்யூ ஃபிளிண்டர்ஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவை முதலில் முழுதாகச் சுற்றிக் கப்பல் ஓட்டி வரைபடம் எடுத்தவர். விரிவாக்கத்தில் கல்லறை எங்கே போனது என்றே தெரியாமல் போயிருந்தவர், ரயில்வே வேலையிலேயே திரும்பக் கிடைத்தார். 2024-ல் அவர் பிறந்த டானிங்டன் ஊரில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

அவரை எடுத்தாயிற்று, பூங்காவை எடுத்தாயிற்று, சீஃபர்ட் கோபுரங்களில் சிலவற்றையும் இடித்தாயிற்று. 2023 மார்ச்சில் யூஸ்டன் வேலையை நிறுத்தி வைத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பர்மிங்காமுக்கு வடக்கே பாதையே வேண்டாம் என்றார் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், யூஸ்டனுக்குத் தனியார் பணம் வரட்டும் என்றார். 2024 அக்டோபர் பட்ஜெட்டில்தான் மேற்கு லண்டனின் ஓல்டு ஓக் காமனிலிருந்து யூஸ்டன் வரை சுரங்கம் தோண்ட அரசு பணம் தரும் என்று ஆயிற்று. முதலில் இடிப்பது, பிறகு யோசிப்பது. 1961-க்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

சும்மாவந்தவன்

ஐயா, ஆர்ச்சின் கற்கள் என்ன ஆயின? உடைத்துத் தூளாக்கிவிட்டார்களா?

கல்தச்சன்

இதற்கு நான் பதில் சொல்கிறேன், பிடித்த கதை. கொஞ்சம் கற்களை வலோரி தன் வீட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டார். பெரும்பகுதி கிழக்கு லண்டனில் லீ ஆற்றோடு சேரும் பிரெஸ்காட் கால்வாயில், ஆற்றுப் படுகையில் இருந்த பெரிய பள்ளத்தை அடைக்கப் போட்டுவிட்டார்கள். 1994-ல் வரலாற்றாளர் டான் குருக்ஷாங்க் தேடிக் கண்டுபிடித்தார். முப்பது ஆண்டுக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தும் தூண் துண்டுகளின் நீள்குழிவுகள் தேயாமல் இருந்தன, பிராம்லி ஃபால் கல் அப்படி. ஒலிம்பிக்குக்கு முன்னால் கால்வாயைச் சீரமைத்தபோது, 2009-ல், சில கற்களை வெளியே எடுத்தார்கள். வாயிலின் இரும்புக் கதவுகள் யார்க் ரயில்வே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திரும்ப எழுப்ப வேண்டும் என்று யூஸ்டன் ஆர்ச் டிரஸ்ட் தொடர்ந்து கேட்டுவருகிறது. நான் அவர்கள் பக்கம்.

தண்டவாளப்பித்தன்

நான் இல்லை. 1838-ல் அது ஒரு கம்பெனியின் துணிச்சல். இப்போது எழுப்பினால் பெரும்பகுதி புதுக் கல்லில் வெட்டிய நகல், பின்னால் நிற்கப்போவது கண்ணாடி அலுவலகங்கள். அந்தப் பணத்தைப் பார்சல் தளத்தை எடுத்துப் பிளாட்பாரங்களுக்கு வெளிச்சம் கொடுக்கச் செலவழிக்கச் சொல்வேன்.

கல்தச்சன்

வார்சாவில் போரில் அழிந்த பழைய நகரம் முழுவதையும் நகலாகத்தானே எழுப்பினார்கள்? அதை யாரும் போலி என்று சொல்வதில்லை, உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். இடித்தவர்கள் கையாலேயே திரும்ப எழுப்புவதில் ஒரு நீதி இருக்கிறது. பார்சல் தளத்தையும் எடுக்கட்டும், நான் வேண்டாம் என்றேனா?

கான்கிரீட்காதலி

எனக்குள்ள கவலை வேறு. ரோட்டர்டாமில் சிபோல்ட் வான் ராவெஸ்தெய்ன் செய்த 1957 நிலையத்தை 2007-ல் இடித்துவிட்டுப் புதிது கட்டினார்கள், 2014-ல் திறந்தது. ஆனால் பழைய முகப்பில் இருந்த பெயர் எழுத்துகளையும் கடிகாரத்தையும் எடுத்துப் புதியதில் வைத்தார்கள். அந்த அளவு மரியாதையாவது யூஸ்டன் கூடத்துக்குக் கிடைக்குமா? ஆர்ச் வர வேண்டும் என்று குரல் கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், 1968 விதானத்தின் ஒரு பகுதியையாவது விட்டுவையுங்கள் என்று கேட்க நாலு பேர் இல்லை. 1961-ல் இப்படித்தான் விக்டோரியா காலத்துக் கட்டடம் என்றாலே அசிங்கம் என்று பொதுவாக எல்லோரும் நினைத்தார்கள்.

முகப்புவேலி

அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேலையாகப் போகிறேன். கூடத்தில் எங்கே நின்றால் அந்த விதானம் சரியாகத் தெரியும்?

கான்கிரீட்காதலி

கடைகளுக்கு நடுவில் நிற்காதீர்கள், எதுவும் தெரியாது. மேல் தட்டுக்கு ஏறி, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று வடக்கே பாருங்கள். கூரைக் கட்டங்கள் கண்ணுக்கு நேராக வரும், மேல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சமும் புரியும். நெரிசல் நேரத்தில் போகாதீர்கள். முடிந்தால் வெளியே வந்து பாவ்லோட்ஸி செய்த பிஸ்கேட்டர் சிற்பம், 1980-ல் வைத்தது, அங்கே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள், எது எப்போது நகரும் என்று சொல்ல முடியாது.

வடக்குலைன்

உட்கார இடம் கிடைத்தால் அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.